நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம்: மைல்கற்களும் நீர்க்கணக்கும்

ஆய்வுச்சுருக்கம்

பழமையான எரிபொருள் நிறுவனம் ஒன்று தன் வரலாற்றை எழுதும்போது ஆண்டுகளையும் உற்பத்தி அளவுகளையும் மைல்கற்களாக நிறுத்துகிறது. 1956இல் தொடங்கப்பெற்று இன்று என்.எல்.சி. இந்தியா லிமிடெட் என வழங்கும் நெய்வேலி நிறுவனமும் அவ்வாறே செய்கிறது. அந்நிறுவனத்தின் ஒவ்வொரு மைல்கல்லுக்கும் அடியில் நிலத்தடி நீரை வெளியேற்றும் பணி இடையறாது நிகழ்ந்து வந்துள்ளது என்பதையும், நிறுவனத்தின் விழுமியங்களை மதிப்பிட அந்நீரின் கணக்கே ஏற்ற அளவுகோல் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பழுப்பு நிலக்கரி, கடலூர் மணற்கல், ஊற்றழுத்தம், மேற்படிவு, பரவனாறு.

முன்னுரை

இன்றைய விழுப்புரம் மாவட்டமும் கடலூர் மாவட்டமும் 1993 வரை தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டமாக இருந்தன. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ள கிளியனூரும், தெற்கே விருத்தாசலத்தை அடுத்த நெய்வேலியும் ஒரே ஆட்சியரின் எல்லைக்குள் அடங்கியிருந்தன. நிலவியலும் இவ்விரு வட்டாரங்களையும் இணைக்கிறது. கிளியனூருக்கு அண்மையிலுள்ள திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்த மரங்கள் கிடக்கின்றன. 1781இலேயே ஐரோப்பிய இயற்கையியலாளர் சொன்னராவின் குறிப்பில் அவை இடம்பெற்றுவிட்டன. அம்மரங்களைத் தாங்கி நிற்கும் கடலூர் மணற்கல்லே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின்மேல் மூடியாகப் படிந்துள்ளது. ஓரிடத்தில் மரம் கல்லாயிற்று. மற்றோரிடத்தில் தாவரப்பொருள் கரியாயிற்று. முன்னது காட்சிப்பொருளாக நின்றுவிட, பின்னது ஒரு தொழில் நகரையே உருவாக்கியது.

கிணறு காட்டிய கரி

1930களின் நடுப்பகுதியில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீரோடு கரிய பொருள் மேலே வந்தது. அவர் அதனை அரசின் கவனத்திற்குக் கொண்டுசென்றார். நிறுவன வரலாறுகள் அனைத்தும் இந்நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகின்றன. எனினும் அவை கரியைப் பற்றி விரிவாகப் பேசிக் கிணற்றை விரைவில் மறந்துவிடுகின்றன. அது தானாகப் பொங்கும் ஊற்றுக்கிணறு. கரியைக் காட்டிக்கொடுத்தது நீரே. அதனை எடுக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் தடையாக நின்றதும் அதே நீர்தான்.

இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1940களில் நிகழ்த்திய துளையிடல்களால் படிவின் பரப்பு உறுதியாயிற்று. ஆயினும் கரிப்படுகைக்குக் கீழே மணலடுக்கில் மிகுந்த அழுத்தத்தில் நீர் அடைபட்டிருந்தது. மேலேயுள்ள மண்ணை அகற்றினால் அந்நீரை அமுக்கி நிற்கும் சுமை குறையும்; அடியழுத்தம் கரியையே பிளந்துகொண்டு சுரங்கத்தை நிரப்பிவிடும். ஆகவே கரிக்குக் கீழுள்ள அழுத்தத்தை முதலில் தணித்தாக வேண்டும். சுரங்கத்தைச் சூழ ஆழ்குழாய்க் கிணறுகளை நிறுவி ஓய்வின்றி இறைத்தால் இது கூடும் என்பதை 1950களின் முற்பகுதியில் நடந்த இறைப்புச் சோதனைகள் மெய்ப்பித்தன. அச்சோதனைகளையே நெய்வேலியின் முதல் மைல்கல்லாகக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஆனால் விழாவோ கல்வெட்டோ இல்லாத மைல்கல் அது.

ஏட்டில் உள்ள மைல்கற்கள்

பதிவான மைல்கற்கள் நன்கு அறியப்பட்டவை. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க அகழ்வைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரி வெளிப்பட்டது. சோவியத் ஒத்துழைப்புடன் அமைந்த முதல் அனல் மின்நிலையத்தின் முதல் அலகு 1962இல் இயங்கத் தொடங்கியது. 1970இல் அதன் திறன் 600 மெகாவாட்டை எட்டியது. இரண்டாம் சுரங்கம் 1980களில் தொடங்க, அதனை ஒட்டிய இரண்டாம் மின்நிலையம் 1,470 மெகாவாட் திறனுக்கு வளர்ந்தது. 2011இல் நவரத்தினத் தகுதியும் 2016இல் புதிய பெயரும் வந்தன. 2020இல் முதல் மின்நிலையம் முழுமையாக மூடப்பட்டது. அதன் இடத்தை நிரப்பும் புதிய நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் இரண்டு உள்ளன.

மின்நிலையம் சுரங்கத்தை ஒட்டியே அமைந்ததற்குக் காரணம் உண்டு. நெய்வேலிக் கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். அதன் வெப்ப மதிப்பு கிலோவுக்கு 2,500 கிலோ கலோரி அளவில்தான் இருக்கும். வெட்டிக் குவித்து வைத்தால் தானாகத் தீப்பற்றும் இயல்பும் அதற்குண்டு. நீரைச் சுமந்து தொலைதூரம் செல்வது வணிகமாகாது. இக்குறையைப் போக்கக் கரியை அழுத்திக் கட்டிகளாக்கிச் சுட்டெடுத்த ‘லெக்கோ’ ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் புகையில்லா அடுப்புக்கரியாகப் புழங்கியது. எரிவாயு உருளை பரவிய பின் அப்பெயர் முதியோர் நினைவில் மட்டும் தங்கிவிட்டது. சமையலறையில் நெய்வேலிக்கு இருந்த நேரடி உறவு அதுவே. அதுபற்றித் தனியாய்வு நிகழ்த்தலாம்.

செயல்முறை மேம்பாடு

நெய்வேலியில் ‘மேம்பாடு’ என்பது பெரும்பாலும் மண்ணோடும் நீரோடும் கற்றுக்கொண்ட பாடம். ஒரு டன் கரிக்கு ஐந்து, ஆறு கனமீட்டர் மேற்படிவை அகற்ற வேண்டும். இதற்கென ஜெர்மனியிலிருந்து வாளிச்சக்கர அகழ்பொறிகள் வந்தன. பெருஞ்சக்கரம் ஒன்றின் விளிம்பில் வரிசையாகப் பொருத்திய வாளிகள் சுழன்று மண்ணை அள்ளும். ஓடும் பட்டைகள் அதனைக் கொண்டுசெல்லும். முடிவிலுள்ள பொறி பரப்பிக் கொட்டும். ஐரோப்பாவின் மென்மையான மண்ணுக்கேற்ப வடிவமைத்த வாளிப்பற்கள் கடலூர் மணற்கல்லில் உராய்ந்து விரைந்து தேய்ந்தன. எனவே பாறையை முதலில் வெடிவைத்துத் தளர்த்திப் பின் அள்ளும் முறை கைக்கொள்ளப்பட்டது. பற்களின் உலோகமும் வடிவமும் மாற்றப்பட்டன. இயந்திரத்தை இறக்குமதி செய்யலாம். மண்ணை இறக்குமதி செய்ய இயலாது என்பதைப் பொறியாளர்கள் பணியிடத்திலேயே கற்றனர்.

நீரைப் பொறுத்தவரை மேம்பாடு நுட்பமானது. மிகக் குறைவாக இறைத்தால் சுரங்கத்தின் தரை மேலெழும். மிகுதியாக இறைத்தால் மின்செலவு கூடுவதோடு சுற்றுவட்டாரத்தின் நிலத்தடி நீரும் இறங்கும். அகழ்முகம் நகர நகரக் கிணறுகளும் நகர வேண்டும். ஆகவே எங்கு, எத்தனை, எவ்வளவு என்னும் கணக்கே இத்தொழிலின் உயிர்நாடி. ஒரு டன் கரிக்கு இறைத்த நீர் எவ்வளவு என்னும் விகிதம் குறைவதைத்தான் உண்மையான செயற்சிறப்பு எனலாம். ஆண்டு மலர்களின் முகப்பில் அவ்விகிதம் இடம்பெறுவதில்லை, மெகாவாட்டே இடம்பெறுகிறது.

விழுமியங்களும் வெளியே உள்ளோரும்

நிறுவனத்தின் நோக்குரை சமூகப் பொறுப்புணர்வையும் செயற்சிறப்பையும் சேர்த்தே பேசுகிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடம் இறைத்த நீர் செல்லும் வழி. அதில் ஒரு பகுதி மின்நிலையங்களுக்கும் நகரியத்திற்கும் பயன்படுகிறது. எஞ்சியது ஓடைகள் வழியாகப் பரவனாற்றையும் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றையும் அடைந்து வயல்களுக்குப் பாய்கிறது. வறட்சிக் காலத்தில் சென்னைக் குடிநீருக்கும் நெய்வேலி நீர் சென்றுள்ளது. ஆகவே சுரங்கம் நீரை அழிக்கிறது என்று மட்டும் கூறுவது முழு உண்மையாகாது. அது நீரை இடம்பெயர்க்கிறது. ஊற்றுக்கிணற்றைத் தன் நிலத்தில் வைத்திருந்த உழவருக்கு அந்நீர் உரிமை. கீழ்ப்பகுதியில் ஏரிப்பாசனம் பெறுபவருக்கு அதே நீர் சுரங்கம் இயங்கும் வரை கிடைக்கும் உதவி. தானாகப் பொங்கிய கிணறுகள் மோட்டாரை நம்பும் நிலைக்கு வந்ததில் வேளாண் இறைப்புக்கும் பங்குண்டு. இரண்டையும் பிரித்து அளக்காமல் பழியை ஒருவர்மேல் சுமத்துவதும், பிரிக்க இயலாது என்று கூறிப் பொறுப்பைக் கைவிடுவதும் ஆய்வு நெறியன்று.

நிலத்தின் கணக்கு இதனினும் கூர்மையானது. 2023 ஜூலையில் பரவனாற்றுக்கு மாற்றுக்கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறக்கப்பட்டன. அந்நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். பயிர் இன்று நிற்கிறதே என்பது உழவரின் வாதம். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. பயிருக்கு இழப்பீடு வழங்க ஆணை பிறந்தது. சுரங்கம் முன்னேறும்போது ஆறும் வழிவிட வேண்டியிருந்தது என்பதைப் பொறியியல் மேம்பாடு என்று எழுதலாம்; அவ்வாறு எழுதும் ஏட்டில் அறுவடைக்குக் காத்திருந்த அந்தப் போகத்திற்கும் ஒரு வரி தேவை.

தொழிலாளர் பாதுகாப்பும் இவ்வாறே. 2020 மே மாதத்தில் இரண்டாம் மின்நிலையத்தின் ஆறாம் அலகிலும், அதே ஆண்டு ஜூலை 1இல் ஐந்தாம் அலகிலும் கொதிகலன் விபத்துகள் நேர்ந்து தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். ஒப்பந்தத் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். இரண்டு மாத இடைவெளியில் ஒரே நிலையத்தில் இருமுறை நேர்ந்த இவ்விபத்துகள், அவ்வாண்டின் பிற மைல்கற்களோடு வைத்துப் படிக்கத்தக்கவை.

2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகளை ஒன்றிய அரசு ஏலப்பட்டியலிலிருந்து நீக்கியது. தமிழ்நாட்டின் எதிர்ப்பே இதற்குக் காரணம். காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் 2020இலேயே இயற்றப்பட்டிருந்தது. கரி அங்கும் இருக்கிறது. அதை மூடியுள்ள நிலத்தில் நெல் விளைகிறது. அந்நெல்லை விளைவிக்கும் ஆழ்குழாய்க் கிணறுகள் நிலத்தடி நீரையே நம்பியுள்ளன.