அறைகளும் ஆட்களும்

பிரிட்டனில் தனியார் வீட்டு வாடகையைத் தாங்க இயலாதோர்க்கு உள்ளாட்சி மன்றங்களும் இலாப நோக்கற்ற வீட்டுவசதிச் சங்கங்களும் குறைந்த வாடகையில் வீடுகளை அளிக்கின்றன. இங்கிலாந்துப் பகுதியில் மட்டும் இத்தகைய வீடுகள் 40 இலட்சத்துக்கும் மேல் உள்ளன. முதல் உலகப்போர் முடிந்தபின், அமைச்சர் கிறிஸ்டோபர் அடிசன் 1919இல் கொணர்ந்த சட்டமே இப்பணிக்குப் பேரளவில் வழிவகுத்தது. கணவன், மனைவி, பிள்ளைகள் அடங்கிய குடும்பத்தை மனத்திற்கொண்டே அந்நாளில் வீடுகள் எழுப்பப்பட்டன. ஆதலின் மூன்று படுக்கையறை வீடுகள் மிகுந்தன. ஓரறை வீடுகள் அருகின.

காத்திருப்போர் பலர், காலியாகும் வீடுகளோ சில. எவ்வீட்டை எக்குடும்பத்துக்கு அளிப்பது? இவ்வினாவுக்கு விடை காண முதலில் நெருக்கடி என்பது யாதென வரையறுத்தல் வேண்டும். 1935ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்து, 1985ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்றுக்கொண்ட கணக்கு விந்தையானது. ஒரு வயது நிரம்பாத குழந்தை அக்கணக்கில் இடம்பெறாது. ஒன்று முதல் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை அரை ஆள். கூடமும் உறங்கும் அறையாகவே கொள்ளப்படும். போதிய பரப்புள்ள இரண்டு அறைகளில் மூவர் வாழலாம். தாய், தந்தை, ஆறு வயதிலும் நான்கு வயதிலும் இரு பிள்ளைகள், ஒரு கைக்குழந்தை என ஐவர் உள்ள குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். சட்டத்தின் கணக்கில் அவர்கள் மூவரே! ஒரு படுக்கையறையும் ஒரு கூடமும் உள்ள வீட்டில் அவர்கள் ஐவரும் உறங்கினாலும் அது நெருக்கடி ஆகாது. இரவில் அழும் குழந்தையைக் கணக்கில் சேர்க்காதவர் அவ்வீட்டில் ஓரிரவேனும் தங்கியிருக்க மாட்டார்.

இக்குறையை உணர்ந்தோர் 1960களில் வேறோர் அளவுகோலை வகுத்தனர். இணையர்க்கு ஓர் அறை. 21 வயது நிரம்பிய தனியர்க்கு ஓர் அறை. பத்து முதல் இருபது வயது வரையுள்ள ஒரே பாலினத்தார் இருவர்க்கு ஓர் அறை. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எப்பாலினத்தவராயினும் இருவர்க்கு ஓர் அறை. இதன்படி, மேற்கூறிய ஐவர்க்கு மூன்று படுக்கையறைகள் தேவை. வீடு ஒதுக்கும் மன்றங்கள் பெரும்பாலும் இதனையோ இதனை ஒட்டிய விதிகளையோ பின்பற்றுகின்றன.

ஆயினும் குடும்பம் ஒரே நிலையில் நிற்பதில்லை. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறியபின் பெற்றோர் இருவர் மூவறை வீட்டில் எஞ்சுகின்றனர். வேறொரு குடும்பமோ ஓரறையில் அல்லற்படுகிறது. செலவைக் குறைக்கவும் பெரிய வீடுகளை விடுவிக்கவும் கருதிய அரசு, 2013 ஏப்ரல் முதல் புதிய விதியொன்றை நடைமுறைப்படுத்தியது. அரசின் வாடகை உதவி பெறுவோர் வீட்டில் ஓர் அறை மிகுதியாயின் உதவிக்குக் கணக்கிடப்படும் வாடகையில் 14 விழுக்காடும், இரண்டோ அதற்கு மேலோ மிகுதியாயின் 25 விழுக்காடும் குறைக்கப்பட்டன. ஓய்வூதிய வயதை எட்டியோர்க்கு விலக்களிக்கப்பட்டது. மக்கள் இதற்குப் ‘படுக்கையறை வரி’ என்று பெயரிட்டனர். சிறிய வீட்டுக்குச் செல்ல விரும்பியோர்க்கும் பல ஊர்களில் சிறிய வீடு கிடைக்கவில்லை. அதற்கான காரணம் 1919 தொட்டே வேர்கொண்டிருந்தது.

இவ்விதி அறைகளை எண்ணியதேயன்றி, அவற்றின் பயனை வினவவில்லை. முதுகுத்தண்டுக் குறைபாடுள்ள மனைவிக்குத் தனிப்படுக்கை இன்றியமையாதது. அதே அறையில் கணவர்க்கு மற்றொரு படுக்கையிட இடமில்லை. இணையர்க்கு ஓர் அறையே என்றது விதி. மாற்றுத்திறனாளியான பேரனை வளர்த்த முதியோர் இருவர், இரவில் வந்து தங்கும் பராமரிப்பாளர்க்கென ஓர் அறை வைத்திருந்தனர். பராமரிக்கப்படுபவர் பெரியவராயின் அவ்வறை அன்று ஏற்கப்பட்டது, சிறுவராயின் ஏற்கப்படவில்லை. இவ்விரு குடும்பங்களுக்கும் 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நீதி வழங்கியது. மூன்றாவதாக ஒரு பெண் தோற்றார். தம்மைத் தாக்கிய ஆடவனிடமிருந்து காத்துக்கொள்ள அவர் வீட்டில் ஓர் அறை வலுவூட்டப்பட்டிருந்தது. உயிர்காக்கும் அவ்வறை, கணக்கில் ‘மிகுதி’ ஆயிற்று. 2019இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமே அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

வேறொரு வழி நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1990இல் தோன்றிப் பின்னர்ப் பிரிட்டனிலும் பரவியது. அலுவலர் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீட்டைச் சுட்டிக்காட்டுவதற்கு மாறாக, காலியான வீடுகள் அனைத்தும் பொதுவில் விளம்பரப்படுத்தப்படுகின்றன. தகுதியுடைய குடும்பங்கள் தமக்கு உகந்ததை விரும்பி விண்ணப்பிக்கின்றன. தேவையும் காத்திருந்த காலமும் முன்னுரிமையை முடிவு செய்கின்றன. அறைகளின் எண்ணிக்கையோடு மாடி எத்தனையாவது, மின்தூக்கி உண்டா, குளியலறைக்குள் சக்கர நாற்காலி செல்லுமா என்பனவும் அவ்விளம்பரங்களில் குறிக்கப்படுகின்றன.