கார்டு வைத்தால் திறக்கும் கதவு

சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, குளிரில் கை விறைக்க விடுதி அறை வாசலில் வந்து நிற்பவருக்கு ஏற்காட்டில் இப்போது பல இடங்களில் சாவி கிடைப்பதில்லை. வரவேற்பறையில் ஒரு பிளாஸ்டிக் கார்டைத் தருகிறார்கள். கைப்பிடியை ஒட்டி அதை வைத்தால் பச்சை விளக்கு எரிகிறது, ‘டக்’கென்று தாழ் விலகுகிறது. கார்டுக்குள் பேட்டரி கிடையாது. பிறகு எப்படி அது கதவோடு பேசுகிறது?

வெள்ளைக் கார்டாக இருந்தால் செல்போன் டார்ச்சை அதன் முதுகில் ஒட்டிவைத்து எரியவிட்டுப் பாருங்கள். ஓரத்தைச் சுற்றி மெல்லிய கம்பி சில சுற்றுகள் ஓடுவது நிழலாகத் தெரியும். அந்தக் கம்பி போய்ச் சேரும் இடத்தில் ஒரு சின்னப் புள்ளி. அதுதான் சிப்.

கதவிலுள்ள கருவி தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அது நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் தடவைக்கு மேல் திசை மாறி மாறி ஊசலாடும். மாறும் காந்தப்புலத்துக்குள் கம்பிச்சுருள் வந்தால் அதில் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-லேயே காட்டிவிட்டார். அந்தத் துளி மின்சாரத்தில் சிப் விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. சில சென்டிமீட்டர் விலகினால் பேச்சு நின்றுவிடும். சென்னை மெட்ரோவில் வைக்கும் அட்டையிலும் நடப்பது இதுதான். சாவியில்லாமல் கதவைத் திறக்கும் இத்தகைய அட்டைக்கு அமெரிக்காவின் சார்லஸ் வால்டன் 1973-ல் காப்புரிமை பெற்றார்.

சிப்பை ஏமாற்ற முடியுமா? முடியும். அலுவலகங்களில் இன்னமும் புழங்கும் பழைய வகைக் கார்டுகள் கேட்டவர் யாராக இருந்தாலும் எண்ணை அப்படியே ஒப்பித்துவிடும். நகலெடுக்கப் பெரிய வித்தை தேவையில்லை. லண்டன் போக்குவரத்து உட்பட உலகெங்கும் புழங்கிய ‘மைஃபேர் கிளாசிக்’ சிப்பின் ரகசியக் கணக்கை நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் உடைத்தார்கள். வெளியிடக் கூடாது என்று தயாரிப்பு நிறுவனம் வழக்குப் போட்டது. நீதிமன்றம் ஆய்வாளர்கள் பக்கமே நின்றது. 2024 மார்ச்சில் இன்னொரு குழு ‘சஃப்லாக்’ என்ற விடுதிப் பூட்டின் குறையை வெளிப்படுத்தியது. ஒரு விடுதியின் கார்டு ஒன்று கையில் கிடைத்தால் போதும், இரண்டு போலிக் கார்டுகள் தயாரித்து அந்த விடுதியின் எந்த அறையையும் திறக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். 131 நாடுகளில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கதவுகளில் இருந்த பூட்டு அது.

இருந்தாலும் இவ்வளவு சிரமப்பட்டு உள்ளே வர வேண்டிய அவசியம் பெரும்பாலும் யாருக்கும் இருப்பதில்லை. நாமே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமே!

காலை ஒன்பது மணிக்கு எந்த அலுவலக வாசலிலும் இதைப் பார்க்கலாம். முன்னால் போகிறவர் கார்டு வைக்கிறார். பின்னால் ஒருவர் இரண்டு கையிலும் பார்சலோடு வேகமாக வருகிறார். “வாங்க வாங்க” என்று கதவு விரியத் திறக்கிறது. வருகிறவரின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது நம் வீடுகளில் மரியாதைக் குறைவு. பாதுகாப்புத் துறையினர் அதிகம் அஞ்சுவது இந்த நல்ல குணத்தைத்தான். ஒரே கார்டில் இரண்டு பேர் நுழைந்தது கருவிக்குத் தெரியாது.

அடையாளத்தைப் பார்த்ததும் ஆளைப் பார்க்காமல் விடுவது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நாடே கண்டிருக்கிறது. 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்ற வளாகத்துக்குள் பயங்கரவாதிகள் வந்த வெள்ளை அம்பாசிடர் காரில் உள்துறை அமைச்சகத்தின் போலி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

கார்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைப் பலர் யோசிப்பதே இல்லை. உள்ளே வந்த ஆட்களை எண்ணுவதுதான் அது. காபி, தேயிலைத் தோட்டங்களில் விடிந்ததும் முதல் வேலை ஆளை எண்ணுவது. இலங்கை மலையகத்தில் அந்த இடத்துக்குப் பெரட்டுக்களம் என்றே பெயர். இன்று அலுவலகத்தில் கார்டு வைக்கும்போது நடப்பதும் பெரட்டுதான். தீப்பிடித்தால் உள்ளே எத்தனை பேர் என்ற கணக்கு அந்தப் பதிவிலிருந்துதான் வரும். நண்பனுக்காக அவன் கார்டையும் சேர்த்து வைத்தால், வீட்டில் தூங்குகிறவனைத் தேடித் தீயணைப்பு வீரர் புகைக்குள் போவார். கார்டு வைக்காமல் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவரைத் தேட யாரும் போகமாட்டார்கள்.

பல அலுவலகங்களில் கதவின் தலையில் இருக்கும் மின்காந்தப் பூட்டையும் உயிரை நினைத்தே அமைத்திருக்கிறார்கள். பல பூட்டுகளில் அந்த இரும்புப் பட்டை சுமார் 270 கிலோ இழுவிசையைத் தாங்கும். மின்சாரம் அறவே நின்றால் பிடி விட்டுவிடும். யாரும் உள்ளே சிக்கக் கூடாதல்லவா? கோடை இடியில் ஏற்காட்டில் கரண்ட் போகும் மாலைகளில், கைகொடுக்க வேண்டிய பேட்டரி பழுதான அலுவலகத்துக்கு இந்தப் பூட்டு இருந்தும் இல்லாததுதான். பேட்டரியை அவ்வப்போது சோதித்துப் பார்ப்பது அதனால் சின்ன வேலையல்ல.

மற்றபடி, பின்னால் வருகிறவரிடம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. “பார்சலை நான் பிடிச்சுக்கிறேன், நீங்க கார்டு வெச்சுட்டு வந்துடுங்க” என்றால் மரியாதையும் குறையாது, கணக்கும் தவறாது. மேலதிகாரியே வந்தாலும் இதைச் சொல்லலாம். அவர் கோபித்துக்கொண்டால் தவறு அவருடையது. புது வேலை கிடைத்த மகிழ்ச்சியில் கார்டைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். டீக்கடைக்குப் போகும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தொலைத்துவிட்டால், தேடிப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்லலாம் என்று இருக்காமல் அந்த நிமிடமே சொல்லுங்கள். கணினியில் ஒரு எண்ணை நீக்குவதுதான் வேலை. நீக்கியபின் அந்தக் கார்டு யார் கையில் கிடைத்தாலும் கதவு திறக்காது.