கபில்தேவ் கையெழுத்துக்குக் கோந்தா? உஷார்!
சென்னை,

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட் 'டை' ஆனது. அப்போது வீரர்களிடம் ஆட்டோகிராப் வாங்கிப் பத்திரப்படுத்தியவரா நீங்கள்? குறைந்த செலவில் நீங்களே பிரேம் போடலாம். சட்டம், கண்ணாடி எல்லாம் பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் கிடைக்கும்.

கோந்து கூடாது!

கோந்து, செலோடேப் பட்டால் போச்சு, கறைதான்! நாலு மூலைக்கும் காகித முக்கோணம் மடித்து, அதை மட்டும் அட்டையில் ஒட்டி, ஆட்டோகிராப்பைச் சொருகுங்கள். அது கண்ணாடியைத் தொடக்கூடாது. மழைக்கால ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் கையெழுத்தும் கூடவே வந்துடும்! இடையில் ஜன்னல் மாதிரி வெட்டிய மவுண்ட் போர்டு வையுங்கள். லாமினேஷன் வேண்டவே வேண்டாம்.

வெயில் எமன்!

வெயில் படும் சுவரில் மை வெளிறிவிடும். அங்கேதான் மாட்டணுமா? கலர் ஜெராக்ஸை மாட்டுங்க, ஒரிஜினலைப் பீரோவில் பூட்டுங்க!