மிஸ்டர் மல்ஹோத்ரா யார்? - டெல்லியின் மறைந்த இரவுகளைக் காப்பாற்றிய கேமரா!

டெல்லியில் ஒரு கிளப். வாசலில் 'இன்று தனியார் பார்ட்டி' என்று ஒரு அறிவிப்பு. பார்ட்டி கொடுப்பவராக, அந்த ஊரில் தெருவுக்குத் தெரு கேட்கக்கூடிய ஒரு பஞ்சாபிப் பெயர். உள்ளே பாட்டு, ஆட்டம், சிரிப்பு எல்லாம் உண்டு. ஆனால், பார்ட்டி கொடுக்கும் மனிதரை மட்டும் யாரும் பார்த்ததில்லை. ஏனென்றால், அப்படி ஒருவரே கிடையாது!

தன்பாலின ஈர்ப்பாளர்கள் பயமில்லாமல் ஓர் இரவு கூடிப் பேசவும் ஆடவும் கண்டுபிடித்த வழி அது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, 1860-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் எழுதப்பட்டது. அதன்படி அவர்களின் உறவு குற்றம். அதனால் உண்மையான பெயரில் அழைப்பு விடுக்க முடியாது. இல்லாத ஒரு மனிதரின் பெயரில்தான் இருக்கிற மனிதர்கள் ஒன்றுகூடினார்கள்.

இந்த வழக்கத்தை வைத்தே 'மிஸ்டர் மல்ஹோத்ராஸ் பார்ட்டி' என்று ஒரு புகைப்படத் தொடருக்குப் பெயர் வைத்தார் சுனில் குப்தா.

முகம் திருப்பிய படங்கள்

சுனில் குப்தா 1953-ல் டெல்லியில் பிறந்தவர். பதின்ம வயதில் குடும்பத்தோடு கனடா போனார். 1976-ல் எம்.பி.ஏ படிக்க நியூயார்க் சென்றவர், படிப்பை விட்டுவிட்டுக் கேமராவைப் பிடித்தார். அங்கே கிறிஸ்டோபர் தெருவில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் தலை நிமிர்ந்து நடப்பதைப் பார்த்துப் பார்த்துப் படமெடுத்தார்.

'நம் ஊரில் இவர்கள் எங்கே?' என்ற கேள்வியோடு 1980-களின் பிற்பகுதியில் டெல்லிக்கு வந்தார். இருந்தார்கள். இந்தியா கேட் புல்வெளியில், ஹுமாயூன் கல்லறையில், ஹவுஸ் காஸ் இடிபாடுகளில். பொழுது சாய்ந்த பிறகு பூங்காக்களில் சந்தித்து, விடிவதற்குள் வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள். பலர் கல்யாணமாகி, குழந்தை குட்டிகளோடு வாழ்ந்தவர்கள்.

படம் எடுக்கலாம்; ஆனால் முகம் தெரிந்தால் வேலை போகும், குடும்பம் உடையும். அதனால், அவர்கள் சம்மதித்த அளவுக்கே எடுத்தார் குப்தா. பல படங்களில் முகம் திரும்பியிருக்கும், அல்லது தலையே படத்துக்குள் வராது. பக்கத்தில் அவர்கள் பேசியதிலிருந்து ஓரிரு வரிகள் மட்டும். 'எக்ஸைல்ஸ்' என்ற அந்தத் தொடர் முதலில் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது; சொந்த ஊரான டெல்லி அதைப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின.

முகம் காட்டிய படங்கள்

சுமார் 20 ஆண்டுகள் கழித்து, மல்ஹோத்ரா தொடருக்காக அதே டெல்லியின் தெருக்களில் மறுபடி படமெடுத்தார். இந்த முறை எதிரே நின்றவர்கள் கேமராவை நேராகப் பார்த்தார்கள். கிளப்புக்குள் ஒளிந்திருந்த பார்ட்டி, படங்களில் தெருவுக்கு வந்துவிட்டது!

2018 செப்டம்பர் 6-ம் தேதி, வயதுவந்த இருவர் சம்மதத்துடன் கொள்ளும் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மல்ஹோத்ராவின் பெயருக்குப் பின்னால் ஒளிய வேண்டிய சட்டக் கட்டாயம் முடிந்தது. அந்த இரவுகள் எப்படி இருந்தன என்று இன்றைய 20 வயதுக்காரர் தெரிந்துகொள்ள, அந்தப் படங்களும் கூடியவர்களின் ஞாபகமும்தான் மிச்சம்.

கிடங்குகள் போயின, நெகட்டிவ் நின்றது

நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றங்கரையில் கைவிடப்பட்ட கப்பல்துறைக் கிடங்குகள் 1970-களில் தன்பாலின ஈர்ப்பாளர்களின் சந்திப்பு இடங்களாக இருந்தன. கறுப்பினப் புகைப்படக்காரர் ஆல்வின் பால்ட்ராப் 1975 முதல் சுமார் 11 ஆண்டுகள் அங்கேயே பழியாய்க் கிடந்து படமெடுத்தார். பிறகு கிடங்குகள் இடிக்கப்பட்டன. அங்கே வந்து போனவர்களில் பலரை எய்ட்ஸ் கொண்டுபோனது. 2004-ல் பால்ட்ராப் இறந்த பிறகுதான் அவர் படங்களுக்குப் பெரிய மதிப்பு வந்தது. இன்று அந்த இடத்தையும் மனிதர்களையும் பார்க்க வேண்டுமென்றால் அவர் விட்டுப்போன நெகட்டிவ்களைத்தான் தேட வேண்டும்.

கிள்ளையிலிருந்து பார்த்தால்...

டெல்லியும் நியூயார்க்கும் தூரம்தான். ஆனால், ஓர் இடமே காணாமல் போவது என்றால் என்னவென்று கிள்ளைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிச்சாவரத்தை ஒட்டிய எம்.ஜி.ஆர் திட்டு, 2004 டிசம்பர் 26 சுனாமியில் சிதைந்துபோனது. பிழைத்தவர்கள் கரைக்கு வந்து குடியேறினார்கள். திட்டில் எடுத்த ஒரு கல்யாண போட்டோ யாரிடமாவது இருந்தால், மணமக்களுக்குப் பின்னால் தெரியும் சுவரும் தென்னையும்தான் அந்த ஊருக்கு இன்றைக்குச் சாட்சி.

அதே பக்கத்தில், சிதம்பரத்தை அடுத்த கொத்தட்டையில் கூத்தாண்டவர் திருவிழா நடக்கிறது. உளுந்தூர்பேட்டை அருகேயுள்ள கூவாகத்தைப் போலவே இங்கும் திருநங்கைகள் வந்து தாலி கட்டிக்கொள்கிறார்கள், பிறகு தாலி அறுத்து அழுகிறார்கள். திருநங்கைகளும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் வேறு வேறு. ஆனால், கேமரா பற்றிய பயம் இருவருக்கும் பொது. இன்று எல்லோர் கையிலும் போன். கேட்காமல் எடுத்த ஒரு படம் நிமிடத்தில் ஊர் முழுக்கச் சுற்றும். வீட்டுக்குத் தெரியாமல் வந்தவரின் வாழ்க்கையையே புரட்டிப்போடும்.

குப்தா அன்று செய்தது சின்ன விஷயம்தான். எடுக்கும் முன் கேட்டார். முகம் வேண்டாம் என்றவரின் முகத்தை எடுக்கவில்லை. அதனால்தான் பூங்கா இருட்டில் நின்றவர்களின் படம் இன்றும் நம்மிடம் இருக்கிறது, யாரையும் காட்டிக்கொடுக்காமல்!

அடுத்த திருவிழாவுக்குப் போகிறவர்கள், போனை உயர்த்தும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே: "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"