சிறு குழந்தைகளுடன் கடற்கரைச் சுற்றுலா: திருவண்ணாமலையிலிருந்து இடம் தேர்ந்தெடுத்தல்

திருவண்ணாமலை கடற்கரை இல்லாத மாவட்டம். ஆனால் நகரிலிருந்து கிழக்கே வங்கக் கடல் நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலேயே உள்ளது. செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சாலையில் சென்றால் புதுச்சேரி சுமார் 105 கிலோமீட்டர். எனவே இம்மாவட்டக் குழந்தைகள் பலரும் முதன்முதலில் பார்க்கும் கடல் புதுச்சேரிக் கடலாகவோ மாமல்லபுரக் கடலாகவோ இருக்கிறது. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுடன் செல்லும் குடும்பம் ஊரின் புகழைப் பார்த்து இடத்தை முடிவு செய்வதே வழக்கம். முதலில் பார்க்க வேண்டியது அங்குள்ள நீரின் தன்மையை. நிழல், நல்ல தண்ணீர், கழிப்பறை, பயண நேரம் ஆகியவை அதற்கு அடுத்தவை.

கடலின் தன்மை

தமிழகத்தின் கிழக்குக் கரையில் பல இடங்களில் மணல் சட்டென்று சரிந்து இறங்குகிறது. அலை கரைக்கு மிக அருகில் வந்து உடைகிறது. பெரியவருக்கு முழங்கால் அளவு இருக்கும் நீர் நான்கு வயதுக் குழந்தைக்கு இடுப்பளவு. அலை திரும்பும்போது காலடி மணலையும் அரித்துக்கொண்டு போவதால் குழந்தை நிலைதடுமாறி விழுகிறது.

இதைவிட ஆபத்தானது இழுப்பு நீரோட்டம். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அது மணல்திட்டுகளுக்கு இடையே உள்ள குறுகிய வாய்க்கால் போன்ற பகுதியில் சேர்ந்து வேகமாக வெளியே ஓடுகிறது. அந்த இடத்தில் அலை அதிகம் உடைவதில்லை, நுரையும் குறைவு. இரு பக்கமும் அலை அடிக்க, நடுவில் அமைதியாகத் தெரியும் அந்த இடத்தைத்தான் பெற்றோர் "இங்கே அலை இல்லை" என்று குழந்தையை இறக்கத் தேர்ந்தெடுக்கிறார்கள். இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைக் கடந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். சிறு குழந்தையால் இது முடியாது. ஆகவே நீரில் நிற்கும் குழந்தை எப்போதும் ஒரு பெரியவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

உள்நாட்டு மாவட்டங்களில் பெரும்பாலானோர் கிணற்றிலும் ஏரியிலும் நீந்தக் கற்றவர்கள். கிணற்று நீரில் இழுப்பும் இல்லை, அலையும் இல்லை. அந்த அனுபவம் கடலில் போதாது. நீந்தத் தெரிந்த தந்தை என்ற நம்பிக்கையே சில வேளைகளில் குடும்பத்தை ஆழத்துக்குக் கொண்டு போகிறது.

வானம் தெளிவாக, காற்று அமைதியாக இருக்கும் நாளிலும் கடல் பொங்குவதுண்டு. தென் இந்தியப் பெருங்கடலில் வெகு தொலைவில் எழும் புயல்களின் அலைகள் சில நாட்கள் பயணம் செய்து இங்கு கரையேறுகின்றன. இதைக் கள்ளக்கடல் என்பர். 2024 மே 6 அன்று, இத்தகைய எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நேரத்தில், கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தனர். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. புறப்படும் முன் பேருந்து நேரம் பார்ப்பது போல இதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

செல்லும் காலம்

சனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை வெயில் மிதமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்திருக்கும். பள்ளி விடுமுறைகளோ பெரும்பாலும் இந்தக் காலத்தில் வருவதில்லை. அரையாண்டு விடுமுறை திசம்பர் இறுதியில் வருகிறது. அப்போதும் புயல் வரக்கூடும் என்பதற்குத் தானே புயல் சான்று. அது 2011 திசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. காணும் பொங்கலன்று மாமல்லபுரத்திலும் சென்னை மெரினாவிலும் கூட்டம் அலைமோதும். சிறு குழந்தையோடு செல்ல அது ஏற்ற நாள் அன்று.

கோடை விடுமுறையில் போகிறவர்கள் கடற்கரை குளிர்ச்சியாக இருக்கும் என்று எண்ணுவர். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாவதால் நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். இது பெரும்பாலும் நண்பகலை ஒட்டியே தொடங்குகிறது. மேற்குக் காற்று வலுவாக வீசும் நாளில் கடற்காற்று தாமதமாகும், அல்லது வராமலே போகும். அன்று புதுச்சேரியின் புழுக்கம் திருவண்ணாமலையின் வெயிலைவிடக் குழந்தையை வாட்டும். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் என்பதால், மீன் இறக்குவதைக் காட்டலாம் என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம்.

இடங்கள்

புதுச்சேரி நகரக் கடற்கரைக்கு மணல் வீடு கட்டும் ஆசையோடு வரும் குழந்தை பாறாங்கற்களைத்தான் பார்க்கும். 1980களில் நகருக்குத் தெற்கே துறைமுகம் கட்டப்பட்டபோது, ஆண்டின் பெரும்பகுதியில் வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கே தடைபட்டது. நகரின் கரை அரிக்கப்பட்டது, அரிப்பைத் தடுக்கக் கற்கள் கொட்டப்பட்டன. பின்னாளில் தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் அமைத்த தடுப்பால் ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது. ஆனாலும் அது குளிக்கும் இடம் அன்று. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வாகனங்களை விடுவதில்லை என்பதால் நடை பழகும் குழந்தை அங்கே அச்சமின்றி ஓடலாம். இந்த ஊரில் சிறு குழந்தைக்குக் கிடைக்கும் மிகப் பெரிய வசதி அதுதான்.

மணலும் ஓரளவு வசதிகளும் வேண்டுமெனில் சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரை உள்ளது. இதற்கும் சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்துக்கும் 2021இல் நீலக்கொடிச் சான்று வழங்கப்பட்டது. நீரின் தூய்மை, கழிப்பறை, உயிர்காப்பாளர் முதலியவற்றைப் பார்த்து வழங்கப்படும் பன்னாட்டுச் சான்று இது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது என்பதால் நடப்பு நிலையைக் கேட்டறிய வேண்டும். சான்று இருப்பதால் அலை சிறியதாகிவிடாது. புதுச்சேரியை அடுத்த சுண்ணாம்பாற்றில் படகுப் பயணம் குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் எந்த ஆற்றின் முகத்துவாரத்திலும் குழந்தையை நீரில் இறக்கக் கூடாது. ஆற்றோட்டமும் கடலும் மோதும் இடம் அது.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் அருகே அலை கடுமையானது, கற்களும் உண்டு. அங்கே குழந்தைக்கு உரியது கடலைவிடக் கல்தான்: வழுக்குப் பாறைமேல் நிற்கும் வெண்ணெய் உருண்டைக் கல், அருச்சுனன் தபசுச் சிற்பத்தில் யானைக் கூட்டம், தவம் செய்யும் பூனையும் அதைச் சுற்றி எலிகளும். எல்லாம் நடக்கும் தொலைவில் உள்ளன. வடநெம்மேலியில் 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையும் அருகில் உள்ளது. இங்கு வெயில் ஏறும் முன் காலையிலேயே சிற்பங்களைப் பார்த்துவிடுவது நலம்.

மரக்காணத்தில் உப்பளங்களைக் காட்டலாம். கடல்நீர் உப்பாவதைப் பாடநூலில் படிக்கவிருக்கும் குழந்தைக்கு அது போதும்.

இரண்டு மூன்று நாள் பயணமெனில் இராமேசுவரம் பக்கம் பொருத்தமானது. இலங்கையும் இராமேசுவரம் தீவும் அரண்போல் அமைந்த, ஆழம் குறைந்த பாக் நீரிணைப் பக்கத்தில் அலை மிகச் சிறியது. அப்பகுதி மக்கள் இந்த அமைதியான கடலைப் பெண் கடல் என்றும், மறுபுறமுள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் கூறுவர். இராமநாதபுரம் மாவட்டத்தின் அரியமான் கடற்கரை பெண் கடலின் பக்கம் உள்ளது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மட்டும் பெண் கடலும் சீறும். தனுசுகோடி அரிச்சல்முனையில் இரு கடல்களின் நீரோட்டங்களும் சந்திப்பதால் அங்கே பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குழந்தைக்குக் கால் நனைக்கக்கூட அது இடமில்லை.

கரையில்

காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் நீரில் விளையாட விடலாம். நண்பகல் மணல் பிஞ்சுக் காலைச் சுடும். இளநீரும், பருவத்தில் நுங்கும் வழியெங்கும் கிடைக்கும். சொறி மீன் பட்டு எரிந்தால் தேய்க்காமல் கடல்நீரால் கழுவி, குழந்தை சோர்ந்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெற்றோரின் கைபேசி எண்ணைக் குழந்தையின் சட்டைப் பையில் எழுதி வைப்பது நல்லது. கூட்டத்தில் தவறிய குழந்தை பயத்தில் தன் பெயரையே மறந்துவிடும்.

பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் வழக்கத்தைவிட உயர்ந்து, காலையில் மணலாக இருந்த இடம் சில மணி நேரத்தில் நீராகிவிடலாம். அதே நாட்களில் கிரிவலத்துக்காகத் திருவண்ணாமலை நோக்கி வரும் பேருந்துகள் நிரம்பி வழியும். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நிற்க நேராமலிருக்க, பயணத்தை அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.