உங்களுக்குத் தெரியுமா? தோல்வி காணாத 122 ஓட்டங்கள்

அமெரிக்காவின் எட்வின் மோசஸ், அட்லாண்டாவிலுள்ள மோர்ஹவுஸ் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். சொந்தமாக ஓடுதளம்கூட இல்லாத கல்லூரி அது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்தான் அவருடைய முதல் சர்வதேசப் போட்டி. அதிலேயே 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உலகச் சாதனையோடு தங்கம் வென்றார்.

இந்த ஓட்டத்தில் 10 தடைகள். அடுத்தடுத்த தடைகளுக்கு இடையே 35 மீட்டர். மற்றவர்கள் பெரும்பாலும் 14, 15 காலடி வைப்பார்கள். களைத்துவிட்டால் எண்ணிக்கை இன்னும் கூடும். மோசஸுக்கோ கடைசித் தடைவரை 13தான். ஒற்றைப்படை என்பதால் ஒவ்வொரு தடையிலும் ஒரே கால்தான் முன்னே போகும். கால் மாற்றும் தடுமாற்றத்துக்கே இடமில்லை.

1977 ஆகஸ்டில் பெர்லினில் மேற்கு ஜெர்மனியின் ஹரால்ட் ஷ்மிட்டிடம் தோற்றார். அதன்பின் 122 ஓட்டங்களில் அவரை யாராலும் முந்த முடியவில்லை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தது. இல்லாவிட்டால் அங்கும் தங்கம் அவருக்கே என்பதில் பெரிதாகச் சந்தேகமில்லை. 1983இல், தம் 28ஆவது பிறந்தநாளன்று, 47.02 விநாடியில் ஓடி மீண்டும் உலகச் சாதனை. 1984 லாஸ் ஏஞ்சலீஸில் இரண்டாவது ஒலிம்பிக் தங்கம். 1987 ஜூனில் மாட்ரிட்டில் டேனி ஹாரிஸ் அந்த வெற்றித் தொடரை முடித்துவைத்தார். 1988 சியோலில் வெண்கலம். 47.02 என்ற சாதனையை 1992 பார்சிலோனாவில் கெவின் யங் முறியடித்தார்.