பழைய டீசல் ஆட்டோமேட்டிக் கியர் மாறும்போது உதறுகிறதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் இதைப் பாருங்க!

வேளச்சேரி - தாம்பரம் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் கார் ஓட்டுபவர்களுக்குத் தெரியும். செம்பாக்கத்தில் இருந்து ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி கேம்ப் ரோடு சிக்னலைத் தொடுவதற்குள் முதல் கியர், இரண்டாவது கியர், திரும்ப முதல் கியர் என்று வண்டி எத்தனை முறை மாறும் என்பதற்குக் கணக்கே இல்லை. பத்து வயதான டீசல் ஆட்டோமேட்டிக் கார் தன் நோயைக் காட்டுவதும் இந்த நெரிசலில்தான். திடீரென ஓர் உதறல். அல்லது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது.

ஷெட்டுக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "கியர்பாக்ஸ் போச்சு சார், இறக்கிடலாம்." பல எஸ்யூவிகளுக்கு இந்த வேலை லட்சத்தைத் தாண்டும். ஆனால் கோளாறு கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை ஆட்டோமேட்டிக்? 2014-ல் வந்த டாடா ஜெஸ்ட், 2016-ல் வந்த மாருதி டிசையர் டீசல் ஆகியவற்றில் இருப்பது ஏஎம்டி. அதாவது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை நம் காலுக்குப் பதிலாக ஒரு கருவி அழுத்துகிறது. கியர் மாறும்போது லேசாகத் தலையாட்டுவது இதன் பிறவிக் குணம். அது அதிகமானால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். சில நேரம் ஸ்கேனர் வைத்து கிளட்ச் அளவை மறுபடி பதிய வைத்தாலே சரியாகிவிடும். எக்ஸ்யூவி500, க்ரெட்டா, இன்னோவா க்ரிஸ்டா போன்றவை டார்க் கன்வெர்ட்டர் வகை. இவற்றில் எல்லாமே ஏடிஎஃப் எனப்படும் ஆயிலின் அழுத்தத்தில் நடக்கிறது. வென்ட்டோ, ரேபிட் டீசல்களின் டிஎஸ்ஜி வேறு கதை, அதற்கு அதைத் தெரிந்த மெக்கானிக்தான் வேண்டும்.

டார்க் கன்வெர்ட்டர் வண்டி என்றால் ஆயிலில் இருந்து தொடங்குங்கள். புது ஏடிஎஃப் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். கறுத்து, கருகிய வாசனை வந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்த ரோஸ் நிறமா? தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ முடிச்சூர் பக்கம் நீரில் நின்ற வண்டி என்றால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ரேடியேட்டருக்குள்ளேயே ஆயில் கூலர் இருக்கும் வண்டிகளில், அது ஓட்டையானால் கூலன்ட் கலந்தும் இதே நிறம் வரும். அளவு பார்ப்பதிலும் ஒரு சிக்கல்: சூட்டில் ஆயில் விரியும் என்பதால், மேனுவலில் சொன்ன வெப்பநிலையில் பார்த்தால்தான் கணக்கு சரி.

அடுத்தது ஸ்கேனர். ஆன்லைனில் வாங்கும் சின்ன ஓபிடி கருவி பல நேரம் பி0700 என்று மட்டும் காட்டும். அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. 'டிரான்ஸ்மிஷன் கம்ப்யூட்டரிடம் ஏதோ புகார் இருக்கிறது, அங்கே போய்க் கேள்' என்பதுதான் அதன் அர்த்தம். அந்தக் கம்ப்யூட்டரையே படிக்கக்கூடிய ஸ்கேனர் வைத்துப் பார்த்தால்தான் சோலினாய்டா, ஸ்பீடு சென்சாரா, நிஜமாகவே கிளட்ச் நழுவுகிறதா என்று தெரியும். இதைப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு நகர்வதும் பல நேரம் பாதுகாப்புக்காக அது தானே போட்டுக்கொள்ளும் 'லிம்ப் மோட்'தான். அதற்கு வலுவிழந்த பேட்டரியோ, துருப்பிடித்த எர்த் வயரோகூடக் காரணமாக இருக்கலாம்.

டீசலுக்கென்றே இன்னொரு விஷயம் உண்டு. எவ்வளவு டார்க் வருகிறது என்று இன்ஜின் சொல்வதை வைத்துத்தான் கியர்பாக்ஸ் அழுத்தத்தையும் நேரத்தையும் முடிவு செய்கிறது. ஈஜிஆர் வால்வில் கரி, டர்போ குழாயில் கசிவு, அடைத்த டீசல் ஃபில்டர் என்று எது வந்தாலும் அந்தக் கணக்கு தப்பும். பழி கியர்பாக்ஸ் மேல் விழும். பழைய மெர்சிடிஸ் டீசல்களில் கதை இன்னும் சுவாரசியம்: கியர் எவ்வளவு மென்மையாக மாறும் என்பதை வேக்குவம் பம்ப்தான் பார்த்துக்கொண்டது. ஒரு ரப்பர் குழாய் வெடித்தாலே கியர் இடி மாதிரி விழும்.

டி-யில் போட்டதும் 'டொக்' சத்தம் வந்தால் இன்ஜின் மவுன்ட்டையும் பாருங்கள். போட்ட பிறகு இரண்டு, மூன்று விநாடி கழித்துத்தான் வண்டி பிடிக்கிறது என்றால் ஆயில் குறைவு அல்லது அழுத்தக் குறைவு.

செகண்ட் ஹேண்டில் வாங்குவோருக்கு இது இன்னும் முக்கியம். டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வாகனங்களுக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை விதித்தது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கிருந்து மலிவாகத் தெற்கே வந்த டீசல் வண்டிகள் நிறைய. அப்படி ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் ஒரு முறை, அரை மணி நேரம் டிராஃபிக்கில் ஓட்டிச் சூடான பிறகு ஒரு முறை, கியர் மாறுவதைக் கவனியுங்கள். சூடானதும் மட்டும் நழுவுகிற வண்டியைத்தான் ஐந்து நிமிட டெஸ்ட் டிரைவில் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.